டைனி என்று கூப்பிட்டால்தான் திரும்புவார்

டைனி அண்ணாச்சி போன செய்தி எனக்கு எப்படி வந்தது என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள். அவருக்கும் அது பிடித்திருக்கும்.

அன்று காலையில் விக்கிரமசிங்கபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சில் நானும் கோமதிநாயகமும் உட்கார்ந்திருந்தோம். கோமதிநாயகம் மில்லில் எங்களோடு ஒரே ஷிப்டில் இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு டீ குடிப்பதை முழுநேர வேலையாக எடுத்துச் செய்கிறான். எதிர்ச் சுவரில் புதிதாக ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. படத்தில் இருந்தவர் கோட்டும் டையும் போட்டிருந்தார்.

"யாரு வே அது, கோட்டுப் போட்டுக்கிட்டுப் போயிருக்காரு?" என்று கேட்டேன்.

கோமதிநாயகம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தான். "எஸ். பாபநாசம்னு போட்டிருக்கு."

"எந்தப் பாபநாசம்?"

"எனக்கு எப்படி வே தெரியும்? நம்ம ஊர்ல ரெண்டு வீட்டுக்கு ஒரு பாபநாசம் கெடக்கான். இறுதி ஊர்வலம் மாலை நாலு மணிக்கு அன்னாரது இல்லத்திலிருந்துன்னு எழுதியிருக்கான். அன்னாரது இல்லம் எங்கன இருக்குன்னு எழுதல."

"கோட்டப் பாத்தா பெரிய ஆபீசரு மாதிரி இருக்கு. நம்மள வெயில்ல நிக்க வச்சுட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன ஆளா இருப்பாரு."

பெஞ்சில் இருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள். எல்லாரும் மில்லுக்காரர்கள். எல்லாருடைய முதுகிலும் டைனியின் உள்ளங்கை ஒரு தடவையாவது விழுந்திருக்கும். படத்தில் இருப்பது யார் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் என் போன் அடித்தது. டைனியின் மகள் உலகம்மாள்.

"மாமா, எங்க இருக்கியோ?"

"டீக்கடையில இருக்கேன் தாயி. அப்பா எப்படி இருக்காவ?"

"அப்பா போயிட்டாவ மாமா. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில இருந்து நம்ம வீட்டுக்குக் கொண்டாந்துட்டோம். ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியாச்சு. மில்லுக்காரவுக ஒருத்தரும் வரலியே மாமா. தூக்க ஆளில்லன்னு அண்ணன் வண்டிக்குச் சொல்லிட்டான்."

நான் மறுபடியும் சுவரைப் பார்த்தேன். அந்தப் பாபநாசம் எங்கள் டைனிதான். ஆஸ்பத்திரியில் மீசையை எடுத்துவிட்டிருக்கிறார்கள். கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது. போஸ்டர் அடிக்கிற கடைக்காரன் முகத்தை வெள்ளை அடித்து, கழுத்துக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டு, அவனிடம் இருந்த ஏதோ ஒரு கோட்டில் செருகிவிட்டான். அந்தக் கோட்டுக்குள் டைனியின் தோள் இல்லை. தோள் இல்லாத டைனியை யாருக்கு அடையாளம் தெரியும்?

மில்லில் பிந்திச் சேர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது, அதனால் டைனி என்று பேர் வந்த கதையைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஆண் பிறந்தால் பாபநாசம், பெண் பிறந்தால் உலகம்மாள். ஆற்றங்கரைக் கோயிலில் சாமியும் அம்மனும் அந்தப் பேர்களில் இருக்கும்போது வேறு பேர் யோசிப்பது வீண் வேலை என்று எங்கள் அப்பன்மார் நினைத்தார்கள். பஞ்சுக் குடோனில் ஒரே ஷிப்டில் கருத்த பாபநாசம், சிவந்த பாபநாசம், கீழத்தெருப் பாபநாசம் என்று வரிசையாக இருந்தார்கள். கடைசியாக வந்து சேர்ந்தவர் இவர். ஆறடிக்கு மேலே உயரம். நாங்கள் நாலு பேர் உருட்டுகிற பஞ்சுப் பொதியை இவர் ஒரு பக்கம், இன்னொரு ஆள் ஒரு பக்கம் பிடித்துக் கொண்டுபோய்விடுவார்கள். குடோன் வாசலில் நுழையும்போது மட்டும் தலையைக் குனிவார்.

அந்தச் சமயம் புது மிஷின் மாட்ட ஒரு வெள்ளைக்காரர் வந்திருந்தார். பொதி நகர்த்த ஆள் வேண்டும் என்று வாயைச் சுழற்றிச் சுழற்றி "பாபநாசம்" என்று கூப்பிட்டார். எல்லாப் பாபநாசமும் போய் நின்றார்கள். போ என்று கையைக் காட்டினார். எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். மறுநாள் அவர் யாரையும் கூப்பிடவில்லை. நேராக வந்து இவர் தோளை அண்ணாந்து பார்த்து ஒரு தட்டுத் தட்டி, "யூ, டைனி" என்றார்.

அர்த்தம் எங்களுக்குத் தெரியாது. "தொரை வச்ச பேரு, நல்ல பேராத்தான் இருக்கும்" என்று கோமதிநாயகம் தீர்ப்புச் சொன்னான். துரை மிஷினை மாட்டிவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். பேர் இங்கேயே தங்கிவிட்டது. மூத்தவர்களுக்கு "ஏலே டைனி". இளையவர்களுக்கு "டைனியண்ணாச்சி". நூல் சுற்றுகிற பகுதிப் பெண்களுக்கு "டைனியண்ணன்". சூப்பர்வைசர் கோபமாக இருந்தால் "மிஸ்டர் டைனி". அவருடைய கல்யாணப் பத்திரிகையில் பாபநாசம் என்று அச்சடித்து, ஊருக்கு விளங்க வேண்டுமே என்று அடைப்புக்குறிக்குள் டைனி என்றும் போட்டிருந்தார்கள்.

எனக்கு மட்டும் அந்தப் பேர்மேல் ஒரு சந்தேகம். இவ்வளவு நல்ல பேரை ஒரு வெள்ளைக்காரர் சும்மா கொடுத்துவிட்டுப் போவாரா? ஒருநாள் அம்பாசமுத்திரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு இங்கிலீஷ் வாத்தியாரிடம் கேட்டுவிட்டேன்.

"இத்துணூண்டுன்னு அர்த்தம் தம்பி. பொடிசு."

"சார், அவரு பனமரம் மாதிரி இருப்பாரு."

"அதனாலதான். அவங்க ஊர்ல ஆள் பெரிசா இருந்தா அப்படித்தான் கூப்பிடுவாங்க. அது ஒரு சிநேகம். நம்ம ஊர்ல மொட்டைத் தலையன முடியழகன்னு கூப்பிடுதோம்லா, அது மாதிரி வச்சுக்கோ."

அதற்கு மேல் எனக்கு அம்பாசமுத்திரம் தேவைப்படவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். கேன்டீனில் கூட்டம் நிறையும்வரை காத்திருந்து பெஞ்சின்மேல் ஏறி நின்று அறிவித்தேன். "எல்லாரும் கேட்டுக்கோங்க. டைனின்னா பொடியன்னு அர்த்தமாம்." தட்டில் தாளம் போட்டுச் சிரித்தார்கள். டைனி உப்புமாவை மென்று முடித்துத் தண்ணீரும் குடித்தார்.

"பொடியனா? நல்லதாப் போச்சு. ஆளத் தூக்கத்தான் நாலு பேரு வேணும். பேராவது லேசா இருக்கட்டும்."

சொல்லிவிட்டு எழுந்து வந்து, என் இடுப்பில் ஒரு கையைக் கொடுத்து, இடுப்புக் குடத்தை இறக்கி வைப்பது போல என்னைப் பெஞ்சிலிருந்து தரையில் இறக்கி வைத்தார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த தண்டனை அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் செய்தி கேன்டீனோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடம்வரை போயிற்று. அவர் மகன் கண்ணனைப் பையன்கள் "பொடியன் மவன்" என்றார்கள். அவன் சட்டை கிழிந்து வருவதும் மறுநாள் தைத்த சட்டையோடு போவதும் வழக்கமாயிற்று. வளர்ந்தான், படித்தான், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறான். அவனுடைய கல்யாணப் பத்திரிகையில் அப்பா பேருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நான் சும்மா இருக்காமல் ஏன் என்று கேட்டேன்.

"எங்கப்பாவக் கேலி பண்ணி ஒரு வெள்ளைக்காரன் வச்ச பேரு மாமா. அவன் ஒருநாள் கூப்பிட்டுட்டுப் போயிட்டான். நீங்க எல்லாரும் சேர்ந்து ஆயுசு பூராவும் கூப்பிடுதியோ."

அவன் பக்கமும் நியாயம் இருந்தது.

மனைவி பார்வதி இறந்த பிறகு டைனி வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு போய்விட்டார். போன வருஷம் அவரைப் பார்க்கப் பாளையங்கோட்டைக்குப் போனேன். மாடி வீடுகள் அடுக்கின பெரிய கட்டடம். வாசலில் வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். டைனி என்றேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார். கண்ணன் சாருடைய அப்பா என்ற பிறகுதான் உள்ளே விட்டார். டைனி அப்போது வெள்ளை மீசையோடு நன்றாகத்தான் இருந்தார். நாற்காலிதான் சின்னதாக இருந்தது.

"இங்கன என்னை எல்லாரும் அங்கிள்ங்கான் வே. வாட்ச்மேனும் அங்கிள்ங்கான், பால்காரனும் அங்கிள்ங்கான். போன வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாவ. ஒரு நர்சுப் பிள்ள 'பாபநாசம், பாபநாசம்'னு கத்திக்கிட்டே இருக்கு. எவன் வே அது, இம்புட்டுக் கூப்பிட்டும் எந்திரிச்சுப் போகாம இருக்கான்னு நானும் சுத்திச் சுத்திப் பாக்கேன். பொறவு மருமக வந்து முதுகுல தட்டுதா."

ரெண்டு பேரும் சிரித்தோம். அவர் சிரிப்பு முதலில் நின்றது.

"ஒண்ணு சொல்லுதேன் கேளும். நான் போனா வண்டியில ஏத்திறாதீங்க. ஆயுசு பூரா சொமந்த ஒடம்பு. நம்ம ஆளுவ தோள்லதான் போகணும்."

"ஒம்மத் தூக்குனா அவனுவளும் கூடவே வந்துருவானுவ வே. எல்லாவனும் கெழட்டுப் பயலுவ."

"அப்பப் பைய தூக்குங்க, எனக்கென்ன அவசரம்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அதனால்தான் மகள் போனில் வண்டி என்று சொன்னதும் டீயைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு ஓடினேன். இந்த வயதில் என்னுடைய ஓட்டத்தை ஓட்டம் என்று நான் மட்டும்தான் சொல்ல முடியும்.

டைனி வீட்டில் பத்துப் பேர்கூட இல்லை. ராதாபுரத்திலிருந்து பார்வதியின் சொந்தக்காரர்கள் சிலர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் எல்லாம் புதிதாகக் குடிவந்தவர்கள், அவரைப் பார்த்தே இராதவர்கள். கண்ணாடிப் பெட்டி அவருக்குப் பத்தவில்லை. உடம்பு வற்றினாலும் எலும்பு வற்றவில்லை. முழங்காலை மடக்கிப் படுக்க வைத்திருந்தார்கள். உலகம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணன் திண்டாடிப் போயிருந்தான். அமரர் ஊர்திக்காரனுக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

"கண்ணா, போஸ்டர்ல பேரு போடலியே லே."

"போட்டிருக்கே மாமா."

"அது யாரு பேரு?"

"எங்கப்பா பேரு." போனைக் கையால் பொத்திக்கொண்டான். "கடைசியாப் போகும்போதாவது அவுக பேருல போகட்டும்னு நெனச்சேன். அது தப்பா மாமா?"

"தப்பில்ல லே. ஆனா அந்த ஆள ஊருக்குத் தெரியாது. வண்டி நாலு மணிக்குத்தான வருது? வரட்டும். அதுவரைக்கும் எனக்கு நேரம் குடு."

திரும்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். டீக்கடையில் சொன்னேன், சைக்கிள் கடையில் சொன்னேன், புறப்பட நின்ற மினி பஸ் கண்டக்டரிடம் சொன்னேன். "டைனி போயிட்டாரு." அவ்வளவுதான் சொன்னேன். எந்த டைனி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்தார். சலூனில் பாதிச் சவரத்தில் இருந்த ஒருத்தர் துண்டோடு எழுந்து வந்தார். மறுபாதியை அவர் எடுத்தது எல்லாம் முடிந்த பிறகுதான். கோமதிநாயகம் எழுந்து சுவரோரமாகப் போய் அந்தப் படத்தை ரொம்பக் கிட்டத்தில் நின்று பார்த்தான். "எதுத்தாப்புல இருந்துக்கிட்டு அவரையே கேலி பேசிருக்கோமே வே" என்றான். பிறகு அவனும் போனை எடுத்துக்கொண்டு தெரிந்தவர்களுக்கெல்லாம் கூப்பிட ஆரம்பித்தான்.

மூன்று மணிக்குத் தெருவில் சைக்கிள் நிறுத்த இடமில்லை. கம்பு ஊன்றிக்கொண்டு வந்தவர்கள், பேரன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள், அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள். நூல் சுற்றுகிற பகுதிப் பெண்கள் வாசலிலேயே "டைனியண்ணே" என்று குரல் எடுத்தார்கள். உலகம்மாள் அதுவரை அழவில்லை. அந்தக் குரலைக் கேட்டதும்தான் அழுதாள். கண்ணன் படியில் கும்பிட்ட கையோடு நின்றான். ஒவ்வொருவரும் அவனிடம் ஒவ்வொன்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். ஒருத்தர் பொதி சரிந்தபோது டைனி முதுகைக் கொடுத்துத் தன்னைக் காப்பாற்றியதைச் சொன்னார். ஒருத்தர் தன் கல்யாணத்தில் டைனி பந்தியில் உட்கார்ந்ததையும் சமையல்காரர் மறுபடி உலை வைத்ததையும் சொன்னார்.

பாடை கட்டியவர் மூங்கிலை அளந்து பார்த்துவிட்டு, இன்னொரு மூங்கில் கொண்டுவரச் சொன்னார். நாலு மணிக்கு அமரர் ஊர்தி வந்தது. காலியாகவே கடைசிவரை பின்னால் வந்தது.

பத்தடிக்கு ஒருமுறை தோள் மாற்றினார்கள். பைய தூக்குங்க என்று அவர் சொல்லியிருந்ததை அன்றைக்கு எல்லாருக்கும் சொன்னேன். பைய போவதைத் தவிர அந்தக் கூட்டத்துக்கு வேறு வழியும் இல்லை. நானும் தோள் கொடுக்க உள்ளே நுழைந்தேன். என் உயரம் உங்களுக்குத் தெரியும். மூங்கில் என் தோளுக்கு ஒரு முழம் மேலே போயிற்று. குடோனில் அவரோடு சேர்ந்து பொதி தூக்கின நாட்களில், பாரம் என் பக்கம் சரிந்துவிடக் கூடாது என்று அவர் முழங்காலை மடக்கி, என் உயரத்துக்கு இறங்கி நடப்பார். அப்படி நடந்தால் இடுப்பு வலிக்கும். ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது அவரால் இறங்க முடியாது. கையை மேலே நீட்டி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"தொங்கிக்கிட்டு வராதேயும் வே, இருக்க பாரம் போதும்" என்றான் பின்னால் வந்த கோமதிநாயகம்.

தூக்கினவர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். முன்னால் கொள்ளிச் சட்டியோடு போய்க்கொண்டிருந்த கண்ணன் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தான். கோபிப்பான் என்று நினைத்தேன். பார்த்துவிட்டு நடந்தான்.

எல்லாம் முடிந்து ஆற்றில் குளிக்க இறங்கினோம். தாமிரபரணியில் நல்ல வரத்து. மற்றவர்கள் கரையேறித் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் கண்ணனும் படித்துறையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தோம்.

"மாமா, அந்தப் பேருக்கு அர்த்தம் தெரிஞ்ச பொறவும் அப்பா ஏன் வேண்டாம்னு சொல்லல? அவுக ஒரு வார்த்த சொல்லிருந்தா நீங்க எல்லாரும் விட்டிருப்பியோல்லா?"

விட்டிருப்போம். அவர் சொன்னால் கேட்காத ஆள் மில்லில் கிடையாது.

"ஒங்கம்மா ஒங்கப்பா பேரச் சொல்லி நீ கேட்டிருக்கியா?"

"அது எப்படி மாமா சொல்லுவாவ?"

அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். பார்வதிக்கு அது மற்றவர்களைவிடக் கஷ்டம். புருஷன் பேரே பக்கத்து ஊர்ப் பேர். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் "கோயிலுக்கு ஒரு டிக்கட்" என்பாள். எந்தக் கோயில் என்று கேட்டால் கையைக் காட்டுவாள். பாபநாசம் அணை நிரம்பிவிட்டது என்று சொல்லவேண்டுமானால் "மேல இருக்க அணை" என்பாள். இதெல்லாம் கண்ணனுக்கும் தெரியும். தெரியாத ஒன்றை அன்றைக்குச் சொன்னேன்.

"நீங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் போயிட்ட பொறவு ஒருநாள் மத்தியான ஷிப்டுக்கு ஒங்கப்பாவக் கூப்பிட வந்தேன். சைக்கிளப் பொறவாசல் சுவத்துல சாத்திக்கிட்டு இருக்கேன். ஒங்கம்மா கொல்லையில நின்னு உள்ள பாத்துக் கூப்பிட்டா. டைனின்னு கூப்பிட்டா லே. என்னப் பாத்ததும் நாக்கக் கடிச்சுக்கிட்டு உள்ள ஓடிட்டா."

கண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மில்லுக்குப் போற வழி பூராவும் ஒங்கப்பா சைக்கிள உருட்டிக்கிட்டே வந்தாரு. 'அவ வாயில வேற எந்தப் பேரும் வராது வே. இது இங்கிலீசு, பேருல சேராதுங்கா. பொடியனோ கிடியனோ, இருந்துட்டுப் போகுது. நீரு இத வெளிய சொல்லாதேயும்'னாரு. ஒன் அப்பா எங்கிட்ட ரகசியம்னு சொன்னது அது ஒண்ணுதான். எவன்கிட்டயும் சொல்லல. ஒங்கிட்டத்தான் சொல்லுதேன்."

கண்ணன் கையால் தண்ணீரை விலக்கி விலக்கி விட்டுக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

"அம்மா எப்படிக் கூப்பிட்டாவ மாமா? ஒரு தடவ கூப்பிட்டுக் காட்டுங்க."

என் குரல் சேவல் குரல். ஊரில் எல்லாரையும் போலப் பேசிக் காட்டியிருக்கிறேன், பார்வதியை மட்டும் பேசிக் காட்டினதில்லை. கரையில் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, பைய, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துக் கூப்பிட்டேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

"எனக்கு இப்பவும் அந்தப் பேரு சொல்ல வராது மாமா" என்றான்.

"நீ எதுக்கு லே சொல்லணும். நீ அப்பான்னு சொல்லு."

தலையை ஆட்டினான். ஒருமுறை முங்கி எழுந்து கரையேறினான்.

டைனியோடு வேலை பார்த்தவர்களே, உங்கள் ஒவ்வொருவரிடமும் அவர் ஏதாவது விட்டுப் போயிருப்பார். முதுகில் விழுந்த அடியோ, முழங்காலை மடக்கி உங்களுக்காக நடந்த நடையோ, அது உங்கள் பாடு. என்னிடம் இருப்பது ஒரு மத்தியானத்தின் சத்தம். வெளிய சொல்லாதேயும் என்றவர் இனிமேல் கோபிக்க மாட்டார் என்றுதான் இன்று உங்களுக்கும் சொல்லிவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் பார்வதி ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். உள்ளேயிருந்து "இந்தா வாரேன்" என்ற குரல் கேட்கிறது. கூப்பிட்டவளும் போய்விட்டாள், வாரேன் என்றவரும் போய்விட்டார். கேட்டவன் நான் ஒருத்தன் இருக்கிறேன். இருக்கும்வரை அதை வைத்திருப்பேன்.